காதுக்குள் ஓடிய ரயில்

அத்தியாயம் பதினான்கு

டம்ளரில் இருந்த ஊறுகாய்த் தண்ணீர் பாதி உள்ளே போய்விட்டது. மீதிப் பாதியை வெர்லீன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முறைத்தாள்.

“ஒரே மடக்கு. நாக்குல பட விடாத,” என்றான் அவள் கணவன் லியோட்டிஸ். வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியைக் கையில் ஏந்தியபடி, பூசாரி மாதிரி பக்கத்திலேயே நின்றான்.

“நேத்து மத்தியானத்துலேர்ந்து ஊத்துற. வயித்துக்குள்ள வெள்ளரிக்காயே முளைச்சிரும் போல.”

“எங்க அம்மா எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கு தெரியுமா? வினிகர் போனா ரத்தக் கொதிப்ப அறுத்து எறக்கிடும். குடி.”

வெர்லீன் குடித்தாள். குடிக்காமல் இருக்க முடியாத நிலைமை அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் கூடத்தில் நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக மேஜை போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்க்கும் சிஸ்டர் ப்ரூயிட், வெர்லீனின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முள் நின்ற இடத்தைப் பார்த்து, “ஐயோ ஏசுவே!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். பொரித்த கோழித் தட்டோடு நின்ற லியோட்டிஸ் திரும்பிப் பார்த்தான். அந்த நிமிஷத்திலிருந்து அவன் கையில் ஜாடி.

இன்றைக்குத் திங்கள்கிழமை. முடிவெட்டும் கடைக்காரனான அவனுக்கு விடுமுறை. அவளுக்கோ வாழ்வா சாவா என்கிற நாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை இன்றைக்குத்தான். தேறினால் வண்டி. தேறாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவள் ஓட்டும் க்ரீக் ரோடு ரூட்டுக்கு எப்போதடா ஆள் காலியாகும் என்று மாற்று டிரைவர் பெர்னடீன் ஓடம் கழுகு மாதிரி காத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ரூட்டில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகள், பட்டமளிப்புத் தொப்பியோடு வந்து வெர்லீனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“இந்தா.” லியோட்டிஸ் வழக்கம்போல ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். தினமும் காலையில் காபியோடு அவன் செய்கிற வேலை இது. மாதம் தவறாமல் மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வருவதும் அவனேதான்.

வெர்லீன் மாத்திரையை வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். வெளியே வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த மாத்திரையைக் காகிதத்தில் துப்பிச் சுருட்டினாள்.

போன வசந்தத்திலிருந்து இதே கதைதான். அது நீர் மாத்திரை. விழுங்கினால் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். பேருந்து நிறையக் குழந்தைகளை உட்கார வைத்துவிட்டு டிரைவர் எங்கே போய் ஒதுங்குவாள்? மார்ச் மாதத்தில் ஒருநாள் அடக்க முடியாமல் சீட்டிலேயே நனைந்துவிட்டது. பின்னால் யாரும் பார்ப்பதற்குள் தன் மடியில் தானே ஐஸ் டீயைக் கொட்டிக்கொண்டு, “ஐயய்யோ, மிஸ் வெர்லீனுக்குக் கை வழுக்கிருச்சு!” என்று சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து மாத்திரை தொண்டையைத் தாண்டவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இதை எப்படிச் சொல்வது? லியோட்டிஸிடம் சொன்னால் அவன் டாக்டரிடம் சொல்லு என்பான். டாக்டரிடம் சொல்ல அவளுக்கு வெட்கம். ஒன்றும் செய்யவில்லையே, வலிக்கவில்லையே என்று நாளைத் தள்ளினாள். இந்த வியாதியின் குசும்பே அதுதான். ஒரு முனகல்கூட இல்லாமல் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்.

ஆனால் இரண்டு வாரமாகப் பிடரியில் கனக்கிறது. இன்று காலை எழுந்ததிலிருந்து காதுக்குள் ஏதோ ஊதுகிறது.

*

கடைசிப் பிள்ளையும் ஏறியாகிவிட்டது. பருத்திக் காட்டைத் தாண்டி ரயில் பாதை வந்தது. அங்கே கேட் கிடையாது, விளக்கு கிடையாது. எச்சரிக்கைப் பலகை ஒன்றுதான். இடது பக்கம் பீக்கன் மரங்கள் பாதையின் வளைவை மறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் காதைத்தான் நம்ப வேண்டும்.

வெர்லீன் வண்டியை நிறுத்தினாள். விசிறியை அணைத்தாள். கையைத் தூக்கினாள். அவள் கை தூக்கினால் அந்தப் பேருந்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். ஜன்னலைத் தள்ளி, கதவைத் திறந்து, காது கொடுத்தாள்.

ஹூஷ். ஹூஷ். ஹூஷ்.

ரயிலா?

கதவுப் பக்கம் சாய்ந்து கேட்டாள். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பார்த்தாள். அப்போதும் கேட்டது. இன்னும் பலமாகக் கேட்டது. அது அவளுடைய ரத்தம். நெஞ்சு அடிக்கிற அதே தாளத்தில் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, ரத்தம்தான். அதற்கு அடியில் ரயிலும் இருந்தால்?

எதிர்ப்பக்கம் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஓட்டியவன் காத்திருந்தான். கையை விரித்து என்ன என்று கேட்டான். ஹாரன் அடித்தான். வெர்லீனின் கால் பிரேக்கை விட்டு வரவில்லை. முதுகில் வேர்வை வழிந்தது. பின்னால் பிள்ளைகள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள்.

முதல் சீட்டில் உட்கார்ந்திருந்த அமரையா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். “மிஸ் வெர்லீன், ரயிலு வரல. நான் கேட்டுட்டேன். போலாம்.”

“நெசமா கேட்டியா, கண்ணு?”

“ஆமா. குருவி சத்தந்தான் கேக்குது.”

வெர்லீன் கதவைச் சாத்தினாள். பாதையைத் தாண்டினாள்.

ரயில் எதுவும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே பின்கோடி வரை நடந்தவள் கடைசி சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வயதுக் குழந்தையின் காதை நம்பி அத்தனை பிள்ளைகளையும் தண்டவாளத்தின் மேல் ஏற்றியிருக்கிறாள்.

*

“நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. கீழ நூத்திப் பன்னெண்டு.” பரிசோதனை செய்கிற மிஸ் டாலிவர் பட்டையைக் கழற்றினாள். கறாரான முகம். ஆனால் குரலில் பதற்றம் இல்லை. “நூத்தியெண்பது தொட்டுட்டாலே ஓட்ட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல, மிஸஸ் ஸ்டப்ஸ்?”

“தெரியும். ஓட்டமும் நடையுமா வந்தேன். அதான்.”

“இருக்கலாம். மறுபடி பாத்துருவோம். மொதல்ல பாத்ரூம் போய்ட்டு வாங்க. அப்புறம் முதுகு சாஞ்சு உக்காருங்க. கால் மேல கால் போடக் கூடாது. பேசக் கூடாது. சட்டைக் கையை நல்லா மேல ஏத்திவிடுங்க, துணி மேல பட்டை சுத்துனா கணக்குத் தப்பும். நேத்திலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?”

வெர்லீன் தயங்கினாள். “ஊறுகாத் தண்ணி.”

“எவ்வளவு?”

“ஜாடியில பாதி.”

மிஸ் டாலிவர் பேனாவைக் கீழே வைத்தாள். “எங்க மாமாவும் இதேதான் குடிச்சிட்டு வருவாரு. வினிகரு என்ன செய்யுதோ செய்யாதோ, அது கெடக்கட்டும். அந்தத் தண்ணி முழுக்க உப்பும்மா. நெருப்ப அணைக்கிறேன்னு மண்ணெண்ணெய ஊத்துன கதையா இருக்கு. யாரு கொடுத்தது?”

“எங்கூடவே கார்ல வந்து வெளிய உக்காந்திருக்காரு. மடியில மீதி ஜாடி இருக்கு.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் மிஸ் டாலிவர் படிவத்தைப் பார்த்தபடி சாவகாசமாகக் கேட்டாள்: “நீர் மாத்திரைய எப்போ நிறுத்துனீங்க?”

வெர்லீனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“பஸ் ஓட்டுறவங்க எத்தனை பேரப் பாத்திருக்கேன்! நீங்க ஒண்ணும் மொதல் ஆள் இல்ல. ரோட்டுல எங்க போறது, இல்லையா?”

“மார்ச்சுல,” என்றாள் வெர்லீன். சொல்லி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. ஐஸ் டீ கதையையும் சொன்னாள். முதல்முறையாக ஒரு மனுஷியிடம் சொன்னாள்.

“இதுல வெட்கப்பட என்ன இருக்கு? வேற மாத்திரை எத்தனையோ இருக்கு, பாத்ரூமுக்கு வெரட்டாத வகை. இல்ல, இதையே வேற நேரத்துல எடுத்துக்கலாமான்னு உங்க டாக்டர் சொல்லுவாரு. நீங்களா நிறுத்தாதீங்க. வலி இல்லங்கறதுனால அது சும்மா இருக்குன்னு அர்த்தம் இல்ல. மூளை, இதயம், கிட்னின்னு ஒண்ணொண்ணா பதம் பாக்கும். இன்னிக்கே டாக்டருக்குப் போன் போடுங்க.”

“போடுறேன்.”

“வீட்டுல மெஷின் இருக்கா? வாங்குங்க. காலையில, சாயந்தரம், இதே மாதிரி அமைதியா உக்காந்து பாருங்க. இன்னும் ஒரே கேள்வி. தலைவலி, கண் மங்கல், நெஞ்சுல வலி, கை கால் மரத்துப்போறது, காதுல சத்தம்... இப்படி ஏதாவது?”

அறையில் சுவர்க் கடிகாரம் இருந்ததா என்று வெர்லீனுக்குத் தெரியாது. அவளுக்குக் கேட்டதெல்லாம் ஹூஷ், ஹூஷ்.

“இல்ல,” என்றாள்.

சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது நூற்று எழுபத்தாறு, நூற்று நான்கு. மயிரிழையில் தப்பினாள். மூன்று மாதத்துக்கு மட்டும் தகுதி அட்டை. அதற்குள் நூற்று நாற்பதுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். “இது ஒரு தடவைதான். அடுத்த தடவை கெஞ்சினாலும் கிடைக்காது,” என்று மிஸ் டாலிவர் அழுத்திச் சொன்னாள்.

வெளியே வந்து அட்டையைக் காட்டியதும் லியோட்டிஸ் மருத்துவமனைக் கூடம் என்றும் பாராமல் அவளைத் தூக்கப் பார்த்தான். “நான் சொல்லல? எங்க அம்மா வைத்தியம்! சொல்லு, நான் சொல்லல?”

“சொன்ன,” என்றாள் வெர்லீன்.

*

பிற்பகலில் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவர, பேருந்துப் பணிமனைக்கு அவன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். அவள் டயரைத் தட்டிப் பார்த்தாள். விளக்குகளைப் போட்டுப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து, பிரேக்கின் காற்றழுத்த முள் சரியான இடத்துக்கு ஏறும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். முள் ஏறாமல் அவள் ஒருநாளும் வண்டியை நகர்த்தியதில்லை. ஒரு கோடு குறைந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டிவிடுவாள். அதற்காகவே பணிமனையில் அவளைக் கண்டால் சிலருக்கு எரிச்சல்.

இன்றைக்கு முள் சரியாகத்தான் நின்றது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த வெர்லீனுக்கு நெஞ்சு கசந்தது. சாவியைத் திருப்பினாள். என்ஜின் நின்றது. காதுக்குள் ஓடுவது நிற்கவில்லை.

அவள் இறங்கி நேராக அலுவலக ஜன்னலுக்கு நடந்தாள். நடுவில் ஒரு கணம் நின்றிருந்தால் திரும்பிப் போயிருப்பாள்.

“மிஸ்டர் ஹாலிஸ், இன்னிக்கு என்னால ஓட்ட முடியாது.”

பணிமனை மேலாளர் ஹாலிஸ் வாயில் வைத்த சாண்ட்விச்சை எடுத்தார். “அட்டை வாங்கிட்டீங்கன்னு லியோட்டிஸ் போன் போட்டுக் குதிச்சாரே?”

“அட்டை இருக்கு. காது இல்ல. ரயில் பாதையில என்னால ரயில் சத்தத்தக் கேக்க முடியல.”

“வெர்லீன், யோசிச்சுத்தான் பேசறீங்களா? உடம்பு சரியில்லன்னு நீங்களே சொன்னா நான் எழுதியாகணும். எழுதிட்டா டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வண்டி கிடையாது. ரூட்ட வேற ஆளுக்குக் கொடுத்துத்தான் ஆகணும். மாத்து ஆளுன்னு இப்போ கையில இருக்கிறது பெர்னடீன் ஒருத்திதான்.”

“தெரியும். எழுதுங்க.”

பெர்னடீன் காபிக் கோப்பையோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “என்ன, க்ரீக் ரோடு மகாராணி சிம்மாசனத்த விட்டு எறங்கிட்டாங்களா? என் காதுல நெசமாத்தான் விழுதா?”

“ஒன் காது நல்லா இருக்குன்னு தெரியுது. அது போதும்,” என்றாள் வெர்லீன். சாவியை நீட்டினாள். பெர்னடீன் வாங்கப் போனபோது விடவில்லை. “அமரையா மொதல் சீட்டுல உக்காருவா. வீட்டு வாசல்ல அவங்க சித்தி நிக்கலன்னா எறக்காத. ரயில் பாதையில வெசையா போகாத. கதவத் தொற. நீயே கேளு.”

பெர்னடீனின் முகத்தில் இருந்த கிண்டல் போய்விட்டது. “ஏ புள்ள... ஒனக்கு உடம்புக்கு என்ன?”

வெர்லீன் விரல்களைத் தளர்த்தினாள். சாவியை விட்டாள். தன்னுடைய வண்டி, தன்னுடைய பிள்ளைகளை ஏற்றிவர இன்னொருத்தியோடு கிளம்பிப் போவதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது.

*

லியோட்டிஸ் இன்னும் போகவில்லை. காரில் சாய்ந்து யாரிடமோ போனில் ஊறுகாய் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் போனை வைத்தான்.

“வண்டி எங்க?”

“பெர்னடீன் எடுத்துட்டுப் போறா. கார எடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். காதுல ரத்தம் ஓடுற சத்தம் கேக்குது. காலையிலேர்ந்து.”

அவன் முகம் வெளிறியது. உடனே காரை எடுத்தான். நெடுஞ்சாலை வந்தபிறகுதான் பேசினான். “அப்போ ஊறுகாத் தண்ணி வேலை செய்யலயா? மாத்திரையும் போட்டு, அதையும் குடிச்சு, எப்படி ஏறும்?”

“மாத்திரை போடல.”

“இன்னிக்கா? நான்தானே கையில...”

“மார்ச்சுலேர்ந்து போடல, லியோட்டிஸ்.”

மீதியையும் சொன்னாள். சீட் நனைந்ததை, ஐஸ் டீயை, தினமும் கன்னத்தில் ஒதுக்கியதை, காகிதத்தில் சுருட்டி எறிந்ததை. ஊறுகாய்த் தண்ணீர் முழுக்க உப்பு என்பதையும் சொன்னாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே ஓட்டினான். எரிந்து விழுந்திருந்தால் அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

“சீட் நனைஞ்சதுக்கா?” என்றான் கடைசியில். “அதுக்கா என்கிட்ட மறைச்ச? நான் சிரிப்பேன்னு நெனச்சியா?”

“எனக்கே என்னைப் பாக்கப் பிடிக்கல. ஒன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“தெனம் காலையில என் கன்னத்துல முத்தம் கொடுப்ப.” அவன் குரல் உடைந்தது. “வாயில அதை வச்சுக்கிட்டு.”

வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். செத்துவிடலாம் போல் இருந்தது அவளுக்கு. அப்போது போன் அடித்தது. ஹாலிஸ்.

“வெர்லீன், எங்க இருக்கீங்க?” அவர் குரல் மாறியிருந்தது. “காலையில ரயில் பாதையில எதிர்ல ஒரு பிக்கப் நின்னுச்சா? அந்த ஆளு ஸ்கூல் மாவட்ட ஆபீசுக்குப் போன் போட்டிருக்கான். டிரைவர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அப்புறம் புள்ளைங்களோட தாண்டிப் போனாங்கன்னு சொல்லியிருக்கான். பஸ்ஸுல இருக்கிற கேமராப் பதிவக் கேக்குறாங்க. நாளைக்குக் காலையில நீங்க வரணும்.”

“வரேன்.”

“நான் ஒண்ணு கேக்கணும். அவங்களும் இதத்தான் கேப்பாங்க. சாவியக் கொடுத்தப்போ இந்தப் புகார் பத்தி உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நானாத்தான் கொடுத்தேன்.”

“நான் நம்புறேன்னு வச்சுக்குங்க. அவங்க? உங்க பரிசோதனைப் படிவத்துல காதுல சத்தம் இல்லன்னுதான் இருக்கு. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சுதான் சாவியக் கொடுத்தாங்கன்னு சொன்னா என்ன செய்வீங்க?”

போனை வைத்த பிறகும் வெர்லீன் அதைக் காதிலேயே பிடித்திருந்தாள். ரூட் போனது போகட்டும். இனிமேல் அவளைப் பிள்ளைகளை ஏமாற்றியவள் என்று சொல்வார்கள். அவள் செய்த ஒரே ஒரு நேர்மையான காரியமும் தந்திரம் ஆகிவிடும். அமரையாவின் அம்மா காதுக்கும் அது போகும்.

“நானாத்தான் கொடுத்தேன்,” என்று மறுபடி சொன்னாள், யாரும் கேட்காமலே. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “நீ நம்புறியா, லியோட்டிஸ்?”

அவன் சாலையை விட்டுக் கண் எடுக்கவில்லை. மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் காரை நிறுத்தினான்.

“காலையில கேட்டிருந்தா, நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஆமான்னு சொல்லியிருப்பேன்,” என்றான்.

இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். எப்போதும் நீட்டுகிற கையை நீட்டவில்லை.